பிரிட்டிஷ் கவுன்சில்: பண்பாட்டுத் தூதிலிருந்து தேர்வுக் கட்டணம் வரை

ஆங்கிலத்தில் 'பிரிட்டிஷ் கவுன்சில்' என்று மட்டுமே வழங்கும் நிறுவனத்தை அரபு நாடுகளில் 'அல்மஜ்லிஸுஸ் ஸகாஃபிய்யுல் பிரீத்தானீ' என்று அழைக்கிறார்கள். பிரித்தானியப் பண்பாட்டு மன்றம் என்பது இதன் பொருள். மூலப் பெயரில் இல்லாத 'பண்பாடு' அரபுப் பெயரில் வந்து சேர்ந்திருக்கிறது. கவுன்சில் என்றால் எதற்கான கவுன்சில் என்ற கேள்வி அரபு மொழிக்காரருக்கு எழுந்திருக்க வேண்டும். 'ஸகாஃபத்' என்னும் சொல்லின் வேர், வளைந்த ஈட்டியை நெருப்பிலும் கருவியிலும் இட்டு நிமிர்த்திச் செப்பனிடுவதைக் குறிக்கும். மனிதனைச் செப்பனிடும் கல்விக்கு அது ஆகிவந்தது பிற்காலத்தில்தான். ஈட்டியும் பண்பாடும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பதை, இந்நிறுவனத்தின் வரலாற்றைப் படிப்போர் மறவாதிருத்தல் நலம்.

பிரிட்டிஷ் கவுன்சில் சட்டப்படி ஓர் அறநிலையம். இதைக் கேட்டதும் நம்மவர்க்கு வியப்பு ஏற்படும். தருமம் என்றால் ஏழைக்கு ஈவது என்றே நாம் கொண்டுள்ளோம். ஆங்கிலேயச் சட்டமோ 1601-ஆம் ஆண்டிலேயே கல்வியைப் பேணுதலையும் அறப்பணிகளுள் ஒன்றாக வைத்துவிட்டது. அச்சட்டத்தின் முகவுரை, வறியோர்க்கு உதவுதலோடு பள்ளிகளையும் பல்கலைக்கழக மாணவர்களையும் ஒருங்கே பட்டியலிட்டது. வக்ஃபுச் சொத்தின் வருவாயில் மத்ரஸாக்களையும் கிதாபுக் கூடங்களையும் நடத்திய நம் முன்னோர்க்கு இது புதிதன்று. எனினும் பெரியதொரு வேறுபாடு உண்டு. வக்ஃபுக்கு அசையா முதல் ஒன்று இருக்கும். நிலமோ கடையோ தோப்போ முடக்கப்பட்டு, அதன் பயன் மட்டும் செலவாகும். பிரிட்டிஷ் கவுன்சிலுக்கு அத்தகைய முதல் எதுவும் இல்லை. ஆண்டுதோறும் அரசு அளிக்கும் மானியமும் தானே ஈட்டும் கட்டணமுமே அதன் வாழ்வாதாரம். அதன் அண்மைக்கால இன்னல்கள் பலவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை. அது பற்றிப் பின்னர்க் காண்போம்.

இந்நிறுவனம் 1934-இல் தோன்றியது. பிற நாடுகளுடனான உறவுக்கான பிரித்தானியக் குழு என்பது அதன் முதற்பெயர். பிரெஞ்சுக்காரர்கள் தம் மொழியைப் பரப்ப 1883-இலேயே 'அலியான்ஸ் பிரான்சேஸ்' அமைப்பை ஏற்படுத்திவிட்டனர். இத்தாலியர்கள் 1889-இல் கவிஞர் தாந்தேயின் பெயரால் ஒரு கழகம் கண்டனர். ஆங்கிலேயர் இவ்வகையில் மிகப் பிந்தியவர்கள். கடற்படையும் வணிகமும் இருக்கும்போது பண்பாட்டை விளம்பரப்படுத்துவது எதற்கு என்ற மனப்பான்மை அவர்களிடம் இருந்தது. அதைக் கலைத்தவை முசோலினியின் இத்தாலியும் ஹிட்லரின் ஜெர்மனியுமே. இத்தாலியின் பாரி நகர வானொலி 1934 முதல் அரபு மொழியில் ஒலிபரப்பி, எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான உணர்வுகளைத் தூண்டியது. அதற்கு மறுமொழியாகவே பி.பி.சி. தன் முதல் அயல்மொழிச் சேவையாக அரபுச் சேவையை 1938 ஜனவரியில் தொடங்கியது. அதே 1938-இல்தான் பிரிட்டிஷ் கவுன்சில் தன் முதல் வெளிநாட்டு அலுவலகங்களைத் திறந்தது. அவற்றுள் ஒன்று கெய்ரோவில் அமைந்தது. நம் அரபு உலகம் இந்நிறுவனத்தின் கதையில் இடையில் வந்து சேர்ந்ததன்று. தொடக்கத்திலிருந்தே அதன் களமாக இருந்தது.

இக்காலத்தில் கவுன்சிலின் தலைவராக இருந்தவர் லார்டு லாயிட். பம்பாயின் ஆளுநராக 1918 முதல் 1923 வரையிலும், எகிப்தின் உயர் ஆணையராக 1925 முதல் 1929 வரையிலும் பதவி வகித்தவர். கடும் ஏகாதிபத்தியவாதி. இந்தியாவுக்குத் தன்னாட்சி வழங்குவதை எதிர்த்தவர்களுள் ஒருவர். 1937-இல் கவுன்சிலின் தலைமையை ஏற்று, 1941-இல் இறக்கும்வரை அதனை விடவில்லை. சர்ச்சிலின் போர்க்கால அரசில் குடியேற்ற நாடுகளின் அமைச்சராக ஆனபோதும் இத்தலைமை அவரிடமே இருந்தது. நம் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று இவரோடு தொடர்புடையது. லண்டனில் ஒரு மையப் பள்ளிவாசல் அமைய அரசே நிலம் வாங்கித் தர வேண்டும் என்று 1940-இல் பிரதமருக்கு எடுத்துரைத்தவர் இவரே. பேரரசில் கிறிஸ்தவர்களைக் காட்டிலும் முஸ்லிம்கள் மிகுதி, அவ்வாறிருக்கத் தலைநகரில் அவர்களுக்கு ஒரு நடுவண் தொழுகையிடம் இல்லாதது பொருந்தாது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. அமைச்சரவை அவ்வாண்டு அக்டோபரில் 1,00,000 பவுண்டு ஒதுக்க இசைந்தது. கெய்ரோவில் ஆங்கிலத் திருச்சபையின் பேராலயத்துக்கு எகிப்து நிலம் அளித்திருந்ததற்கு இது கைம்மாறாகவும் கருதப்பட்டது. ரீஜண்ட் பூங்காவின் ஓரம் இஸ்லாமியப் பண்பாட்டு மையம் 1944-இல் மன்னர் ஆறாம் ஜார்ஜால் திறந்து வைக்கப்பட்டது. இன்று அங்கு நாம் காணும் பொற்குவிமாடப் பள்ளிவாசலின் கட்டுமானம் 1977-இல்தான் நிறைவுற்றது.

போர்க்காலத்தில் முஸ்லிம்களின் ஆதரவு ஆங்கில அரசுக்குத் தேவைப்பட்டது என்பது வெளிப்படை. அதற்காக அந்நிலம் பயனற்றதாகிவிடுமா? அங்கே இன்றளவும் தொழுகை நடைபெறுகிறது. கொடுத்தவரின் நோக்கம் ஒன்றாகவும் பெற்றவரின் பயன் வேறாகவும் இருத்தல் இத்தகைய அமைப்புகளின் இயல்பு. 1940-இல் அரச சாசனம் பெற்றுத் தனித்த சட்டவுரு எய்திய பிரிட்டிஷ் கவுன்சிலை எடைபோடும்போது இவ்விரண்டையும் தனித்தனித் தட்டில் வைக்க வேண்டும்.

இதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு டெனிஸ் ஜான்சன்-டேவிஸ். போர்க்காலத்தில் பி.பி.சி.யின் அரபுப் பிரிவில் பணியாற்றிவிட்டு, போர் முடிந்தபின் பிரிட்டிஷ் கவுன்சிலின் பணியாளராகக் கெய்ரோ சென்றவர் இவர். ஆங்கிலத்தையும் ஆங்கில இலக்கியத்தையும் எகிப்தியர்க்கு அறிமுகப்படுத்தச் சென்றவர், தலைகீழாக அரபு இலக்கியத்தை ஆங்கிலேயர்க்குக் கொண்டுவரத் தலைப்பட்டார். மஹ்மூத் தைமூரின் கதைகளை 1940-களிலேயே மொழிபெயர்த்தார். சூடான் எழுத்தாளர் தய்யிப் ஸாலிஹின் புகழ்பெற்ற புதினத்தை 1969-இல் ஆங்கில உலகுக்கு அளித்தார். இமாம் நவவீ அவர்களின் நாற்பது ஹதீஸ் தொகுப்பை இஸ்ஸுத்தீன் இப்ராஹீமோடு இணைந்து ஆங்கிலப்படுத்தியவரும் இவரே. ஆங்கிலவழி பயின்ற நம் பிள்ளைகள் பலர் அந்நூலை இம்மொழிபெயர்ப்பில்தான் படித்திருப்பர். ஷைகு ஸாயித் நூல் விருது இவருக்கு 2007-இல் வழங்கப்பட்டது. 2017-இல் கெய்ரோவிலேயே மறைந்தார். இவ்வளவும் கவுன்சிலின் திட்டத்தில் எழுதப்பட்டிருந்ததன்று. ஆனால் ஒரு மனிதரை வேற்று மொழியின் நடுவே ஆண்டுக்கணக்கில் வாழவிட்டால் இத்தகைய விளைச்சல் கிட்டும். பின்னாளில் கவுன்சில் இழந்தவற்றுள் பெரியது இந்த 'ஆண்டுக்கணக்கு' என்றே நான் எண்ணுகிறேன்.

விடுதலைக்குப் பின் 1948-இல் இந்தியாவிலும், அடுத்த ஆண்டில் இலங்கையிலும் கவுன்சில் தன் பணியைத் தொடங்கிற்று. ஆண்டவர்கள் வெளியேறிய மறுகணமே நூலகத்தோடு திரும்பி வந்ததை ஐயத்தோடு நோக்கியவர்கள் உண்டு. ஆயினும் வாசகர்கள் வந்து குவிந்தனர். சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த அந்நூலகத்தை அக்காலக் கல்லூரி ஆசிரியர்களும் பொறியியல், மருத்துவ மாணவர்களும் எவ்வளவு நம்பியிருந்தனர் என்பதை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சொந்தமாக வாங்க இயலாத அயல்நாட்டு நூலைச் சிறு சந்தாவில் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடிந்தது ஒரு தலைமுறைக்கே பெரும்பேறு.

இதனிடையே லண்டனில் கவுன்சிலின் பணியை மறு ஆய்வு செய்ய டிராகீடா பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1954-இல் அதன் சுருக்கம் வெளியிடப்பட்டது. ஐரோப்பாவில் பண்பாட்டுப் பணியைக் குறைத்து, ஆசிய ஆப்பிரிக்க நாடுகளில் கல்விப் பணியையும் ஆங்கிலக் கற்பித்தலையும் பெருக்குக என்பதே அதன் சாரம். ஓவியக் கண்காட்சிகளுக்கும் நாடகக் குழுக்களுக்கும் பதிலாக ஆசிரியர் பயிற்சி முன்வரிசைக்கு வந்தது. கவுன்சிலின் வரலாற்றில் நேர்ந்த முதற்பெரும் திருப்பம் இது. ஆங்கிலம் என்பது இலக்கியத்தின் வாயில் என்ற நிலையிலிருந்து, தொழிலுக்கும் நிர்வாகத்துக்குமான கருவி என்ற நிலைக்கு இறங்கியது. இறங்கியது என்று எழுதுவது சிலர்க்கு உவப்பாயிராது. அரபு மொழியை 'அலுவலக அரபு', 'வணிக அரபு' என்று கூறுபோட்டுக் கற்பிக்கச் சொல்லும் இந்நாளில், மொழியாசிரியர்க்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

நம் நாடும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. மவ்லானா அபுல் கலாம் ஆஸாத் கல்வியமைச்சராக இருந்தபோது 1950-இல் இந்தியப் பண்பாட்டுறவுக் கழகத்தை நிறுவினார். அது வெளியிட்ட 'ஸகாஃபத்துல் ஹிந்த்' என்னும் அரபு இதழ் இந்தியாவின் சிந்தனையை அரபு வாசகர்க்குக் கொண்டுசென்றது. ஆஸாத் தம் சொந்த நூற்சேகரத்தையும் அக்கழகத்துக்கே அளித்தார். ஒரு நாடு மற்றொரு நாட்டோடு அந்நாட்டின் மொழியிலேயே பேசுவது என்பது ஆஸாத் கைக்கொண்ட வழி. பிரிட்டிஷ் கவுன்சிலோ பெரும்பாலும் தன் மொழியைக் கேட்போர்க்குக் கற்றுக்கொடுத்த பிறகே பேசத் தொடங்கும். இரண்டும் உறவே என்றாலும் இரண்டின் சுவையும் வேறு.

இரண்டாம் திருப்பம் பணத்தால் நேர்ந்தது. 1977-இல் அமைச்சரவையின் கொள்கை ஆய்வுக் குழுவொன்று பிரிட்டிஷ் கவுன்சிலைக் கலைத்துவிடுவதையே ஒரு வழியாக முன்வைத்தது. கலைக்கப்படவில்லை. ஆனால் அச்சம் நிலைத்தது. அடுத்து வந்த தாட்சர் அம்மையாரின் அரசு மானியத்தைக் குறைத்தது. அத்துடன் 1980 முதல் வெளிநாட்டு மாணவர்கள் கல்விக்கான முழுச் செலவையும் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. மாணவர்களைப் பெருமளவில் அனுப்பிவந்த மலேசியா கொதித்தது. பிரதமர் மகாதீர் 1981-இல் பிரித்தானியப் பொருள்களைக் கடைசியாகவே வாங்குவது என்ற கொள்கையை அறிவித்ததற்கு இக்கட்டண உயர்வும் ஒரு காரணம். அதுவரை மாணவன் விருந்தாளி. அதன்பின் அவன் வாடிக்கையாளன். கவுன்சிலின் பணியும் அதற்கேற்ப மாறியது. 1984-இல் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர் திரட்டும் ஆலோசனைச் சேவையொன்று அதன்கீழ் உருவாயிற்று. உதவித்தொகை பெற்றுச் செல்லும் ஒருவனைத் தேர்ந்தெடுத்த கை, கட்டணம் செலுத்திச் செல்லும் நூறு பேரைத் தேடத் தொடங்கியது.

1989-இல் ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வு அறிமுகமாயிற்று. பிரிட்டிஷ் கவுன்சில், ஆஸ்திரேலியாவின் ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்றும் அதன் கூட்டு உரிமையாளர்கள். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் குடிபெயர்வு அலுவலகங்களிலும் ஆங்கில அறிவுக்குச் சான்றாக இதனை ஏற்கின்றனர். செவிலியர், மருத்துவர், மாணவர் எனப் பலரும் இவ்வாயிலைக் கடக்கின்றனர். நம் நாட்டில் இதன் கட்டணம் 15,000 ரூபாயைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மதிப்பெண்ணுக்கு இரண்டே ஆண்டு ஆயுள். காயல்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ ஒரு நடுத்தரக் குடும்பம் தன் பெண்ணைச் செவிலியாக அயல்நாடு அனுப்ப எண்ணினால், பிரித்தானியப் பண்பாட்டை அது முதன்முதலில் சந்திப்பது இக்கட்டணச் சீட்டில்தான். ஷேக்ஸ்பியர் வருவதாயின் பிறகு வருவார்.

கட்டணத்தால் நடக்கும் வகுப்புகளும் தேர்வுகளும் வளர வளர, இலவசப் பணிகளும் நூலகங்களும் சுருங்கின. 2000-களில் திருவனந்தபுரம், போபால் போன்ற நகரங்களில் இருந்த பிரித்தானிய நூலகங்களிலிருந்து கவுன்சில் விலகிக்கொண்டது. போபாலில் மாநில அரசு அதனை ஏற்று வேறு பெயரில் நடத்த முன்வந்தது. இணையம் வந்துவிட்டது, இனி நூலகம் எதற்கு என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அமர்ந்து படிக்க ஓரிடம் தேடும் மாணவனுக்கு இணையம் இருக்கை தருவதில்லை என்பதை அக்காரணம் கருத்தில் கொள்ளவில்லை.

அதே காலத்துக்குச் சற்று முன் எழுந்த புதுதில்லிக் கட்டடம் வேறொரு கவுன்சிலை நமக்குக் காட்டுகிறது. 1992-இல் திறக்கப்பட்ட அதனை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. முகப்பில் ஹோவர்டு ஹாட்ஜ்கின் என்னும் ஆங்கில ஓவியர், ஆலமரத்தின் நிழல் விழுந்தாற்போல் கறுப்புக் கடப்பைக் கல்லாலும் வெண்ணிற மக்ரானா சலவைக் கல்லாலும் பெருஞ்சித்திரம் அமைத்தார். உள்ளே செல்லும் நேர்கோட்டில் இந்து மரபின் விந்து, இஸ்லாமிய மரபின் 'சார்பாக்' என்னும் நால்வகைத் தோட்டம், ஐரோப்பிய அறிவொளிக் காலத்தின் சின்னம் ஆகிய மூன்றும் வரிசையாக அமைந்துள்ளன. விருந்தோம்பும் நாட்டின் வரலாற்றைத் தன் வீட்டின் நடுக்கூடத்தில் வைத்த அப்பண்பு பாராட்டுக்குரியது.

இனி, அரசியல். கவுன்சிலின் செயற்பாடு அரசிலிருந்து கைநீளத் தொலைவில் இருப்பதாக அந்நாட்டவர் கூறுவர். அன்றாடப் பணியில் அது பெரிதும் உண்மையே. ஆயினும் இந்தியாவில் அது நெடுங்காலம் பிரித்தானிய உயர் ஆணையத்தின் ஒரு பிரிவாகவே இயங்கிற்று. சீனத்திலும் தூதரகத்தின் பண்பாட்டுக் கல்விப் பிரிவு என்ற பெயரிலேயே நின்றது. தூதரகத்தின் நிழலில் நிற்பதால் சலுகைகளும் பாதுகாப்பும் கிடைக்கின்றன. தூதரகத்தின் மீது எறியப்படும் கல்லும் அங்கேயே விழுகிறது. 2006 மார்ச்சில் ஜெரிக்கோ சிறை முற்றுகையின்போது எழுந்த சினத்தில் காஸாவிலிருந்த கவுன்சில் அலுவலகம் தீக்கிரையானது. அச்சிறையைக் கண்காணித்துவந்த பிரித்தானியரும் அமெரிக்கரும் விலகிய சிறிது நேரத்தில் இஸ்ரேலியப் படை நுழைந்ததே அச்சினத்துக்குக் காரணம். ஆங்கிலம் கற்பித்த வகுப்பறைகளுக்கு அதில் பங்கேதுமில்லை. ஈரான் 2009-இல் உள்ளூர்ப் பணியாளர்களை விலகச் செய்தது. பணி நின்றது. 2019-இல் அதனுடன் ஒத்துழைப்பதையே தடைசெய்தது. ரஷ்யா 2008-இல் இரு நகரங்களிலும், 2018-இல் மாஸ்கோவிலும் மூடவைத்தது. 2025-இல் 'விரும்பத்தகாத அமைப்பு' என முத்திரையிட்டது.

2001 செப்டம்பர் நிகழ்வுகளுக்குப் பின் இக்கைநீளம் இன்னும் குறுகியது. முஸ்லிம் நாடுகளின் இளைஞர்களோடு உறவை வளர்க்கும் திட்டங்கள் முளைத்தன. 2007-இல் ஐரோப்பியச் செலவைக் குறைத்து மத்திய கிழக்கிலும் தெற்காசியாவிலும் நடுவண் ஆசியாவிலும் செலவிடுவதென முடிவாயிற்று. 1930-களில் பாரி வானொலியின் அச்சத்தால் கெய்ரோவுக்கு வந்தது போலவே, இம்முறையும் அச்சமே வழிகாட்டியது. அத்திட்டங்களில் கலந்துகொண்ட இளைஞர்கள் பலரும் நற்பயன் பெற்றிருப்பர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நோயாளியைப் பார்க்க வரும் உறவினருக்கும் மருத்துவருக்கும் வேறுபாடு உண்டு. தம்மிடம் வந்தவர் எவர் என்பதை அந்த இளைஞர்கள் அறிந்தே இருந்தனர்.

இப்போது முதற்கண் குறிப்பிட்ட முதலற்ற நிலைக்குத் திரும்புவோம். 2020-க்கு முன் கவுன்சிலின் ஆண்டு வருவாய் 100 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. அதில் அரசு மானியம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி வகுப்புகளாலும் தேர்வுகளாலும் வந்தது. தன் காலில் நிற்கும் அறநிலையம் என்று இதனைப் போற்றினர். 2020-இல் பெருந்தொற்று வகுப்பறைகளையும் தேர்வுக் கூடங்களையும் ஒரே நேரத்தில் மூடியபோது அக்கால்கள் இரண்டும் ஒருங்கே இற்றன. அரசு மானியத்தை உயர்த்தி ஈடுசெய்வதோடு நில்லாது, ஏறத்தாழ 20 கோடி பவுண்டைச் சந்தை வட்டியில் கடனாகவும் அளித்தது. தான் அமைத்த அறநிலையத்துக்கு அரசே வட்டிக்குக் கடன் தருவதை என்னென்பது! 2021-இல் ஏறத்தாழ 20 நாடுகளில் அலுவலகங்களை மூட முடிவாயிற்று. அவ்வாண்டே இந்தியாவில் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு நடத்தும் தொழிலை ஐ.டி.பி.க்கு 13 கோடி பவுண்டுக்கு விற்றனர். பொன்முட்டையிடும் வாத்தைப் பசிக்கு விற்ற கதை. அதன்பின் சென்னையில் இத்தேர்வை எழுதுவோர் கவுன்சிலிடம் செல்வதில்லை.

2025 ஜனவரியில் அதன் தலைமை நிர்வாகி ஸ்காட் மெக்டொனால்டு, கடன்சுமை தொடருமாயின் பத்தாண்டுகளில் கவுன்சிலே மறைந்துபோகக்கூடும் என்று வெளிப்படையாக எச்சரித்தார். 1930-களில் தொடங்கிச் சேர்த்த 8,500-க்கும் மேற்பட்ட கலைப்படைப்புகளைக் கடனுக்கு ஈடாக அரசிடம் ஒப்படைக்கும் யோசனையும் எழுந்தது. அவற்றுள் பல, உலக நாடுகளுக்குச் சென்று காட்சியில் வைக்கவென்றே வாங்கப்பட்டவை.

கடனையும் விற்பனையையும் காட்டிலும் என் மனத்தை உறுத்துவது வேறு. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது, கவுன்சிலின் நிரந்தரப் பணியாளர்கள் பெரும்பாலும் வெளியேற்றப்பட்டனர். அதன் ஒப்பந்த ஆசிரியர்கள் பலர் விடப்பட்டனர். ஆங்கிலமும், அதனோடு பன்மை, சமத்துவம் முதலிய விழுமியங்களும் கற்பிக்கவென்று ஊரூராக அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அலுவலகத்தில் அமர்ந்தவரை யாரும் கண்டிலர். மக்கள் முன் நின்று பேசிய இவர்களின் முகமே எல்லோருக்கும் தெரியும். அவர்களுள் பலர் ஒளிந்து வாழ்ந்தபடி விண்ணப்பத்துக்கு விடை காத்து மாதங்களும் ஆண்டுகளும் கழித்தனர். பிரித்தானிய நாடாளுமன்றத்திலேயே இது குறித்துக் கண்டனங்கள் எழுந்தன. ஒப்பந்தத்தின் சொல்லை நோக்கினால் அவர்கள் பணியாளர் அல்லர் என்று வாதிடலாம். அமானிதம் என்ற சொல்லைக் கற்பிக்கும் எங்கள் வகுப்பறையில் அவ்வாதம் எடுபடாது.

சாசனத்தில் இன்றும் அந்நோக்கங்கள் எழுதப்பட்டே இருக்கின்றன: பண்பாட்டுறவு, ஆங்கில மொழியறிவு, கல்விக் கூட்டுறவு, கல்வி வளர்ச்சி. அவற்றுள் ஆங்கிலத்துக்கு மட்டுமே சந்தையில் விலை உண்டு. ஏனைய மூன்றுக்கும் எவராவது கொடுக்க வேண்டும். யார் கொடுப்பது என்பதே லண்டனில் நடக்கும் பேச்சு. சென்னை அண்ணா சாலையில் கவுன்சிலின் ஆங்கில வகுப்புகளுக்குச் சேர்க்கை நடைபெற்றுவருகிறது.